மேட்டு ரோட்டில் கரி பஸ்

5-6-1944, திருத்தணி

இன்றும் பள்ளத்தில் தள்ளிவிட்டான். பேட்டையிலிருந்து வரும் கரி பஸ் டிரைவர் வேடியப்பன். முதுகுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் வந்து ஹாரனை அமுக்கினான். நான் ஒதுங்குவதற்குள் உரசிக்கொண்டு போய்விட்டான். பாக்கு மூட்டையும் புகையிலைச் சிப்பமுமாகச் சைக்கிளோடு விழுந்தேன். ஜன்னலில் தலையை நீட்டி, "யோவ் பாக்கு, ரோடு இன்னா உங்க நைனா போட்டதா?" என்றான். பஸ் முழுக்கச் சிரிப்பு.

என் நைனா இந்த ரோட்டுக்குக் கல் உடைத்தவர். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

6-6-1944

முட்டி வீங்கியிருக்கிறது. பற்று நானே அரைத்து நானே போட்டுக்கொண்டேன். கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் சரக்கைக் கேட்டார்கள். முட்டியைக் கேட்டவர் இல்லை.

14-6-1944

பஸ் முதலாளியைப் பார்த்தேன். யுத்த காலம், பெட்ரோல் இல்லை, கரியைப் போட்டு ஓட்டுகிற பாடு உங்களுக்குத் தெரியாதா என்றார். பஸ் வந்தால் இறங்கி நின்றுகொள்ளச் சொன்னார். போலீஸ்காரர் முழுக்கக் கேட்டார், சிரித்தார், ஒரு கட்டுப் புகையிலை எடுத்துக்கொண்டு போனார்.

கேரியரில் ஒரு கல் வைத்துக்கொண்டேன். எறியவில்லை. எறிந்தால் ஜன்னலோரம் இருப்பவள் என் வாடிக்கைக்காரியாக இருப்பாள்.

22-6-1944

கண்டுபிடித்துவிட்டேன்.

பாறை மேட்டுக்கு இரண்டு பக்கமும் ஏற்றம். கரி பஸ்ஸுக்கு மூச்சு பத்தாது. தூரத்திலிருந்தே வேகம் பிடித்து வந்தால்தான் ஏறும். மேட்டடியில் வேகம் விட்டால் அவ்வளவுதான், ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். அதனால்தான் அங்கே என்னைக் கண்டால் அவனுக்கு அப்படி வெறி பிடிக்கிறது.

சரி. மேட்டடியில் நான் நடு ரோட்டில் போனால்?

23-6-1944

போனேன். ஹாரன் அடித்தான், கத்தினான். ஒதுங்கவில்லை. பின்னால் எஞ்சின் இருமி அடங்குகிற சத்தம். ஜனங்கள் முனகிக்கொண்டு இறங்குகிற சத்தம். திரும்பிப் பார்க்காமல் மிதித்தேன். திரும்பிப் பார்த்தால் பாதி ஜெயம் போய்விடும்.

வியாபாரத்திலும் நான் அப்படித்தான். பெண்டாட்டி அன்னம்மாள் கண்ணை மூடிய மூன்றாம் நாள் கடையைத் திறந்தேன். திறக்காமல் என்ன செய்வது? வீட்டில் உட்கார்ந்து அவள் கழுவி வைத்த பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதா? மகள் மணியம்மை அதற்காகவே கோபித்துக்கொண்டு பேட்டைக்குப் புருஷன் வீடு போனவள்தான். மூன்று வருஷம். பேரன் பிறந்த சேதியே வெற்றிலைக்காரி சொல்லித்தான் தெரியும். நான் சரக்கு போடுவதும் பாதி வழி வரைக்கும்தான். பேட்டைக்குள் போவதில்லை.

11-7-1944

வாரம் இரண்டு மூன்று தடவை பஸ்ஸை நிறுத்துகிறேன். ஜெயம் எனக்குத்தான். ஆனால் கடையில் பேச்சு குறைந்துவிட்டது. வெற்றிலைக்காரி குப்பம்மாள் கூடையை இறக்கும்போதே ஆரம்பித்தாள். "உனக்கும் அவனுக்கும் சண்டைன்னா நாங்க ஏன்யா தள்ளணும்? இடுப்பு போச்சு." அவன் என்னைத் தள்ளியபோது நீ சிரித்தாயே என்றேன். வெற்றிலையை அடுத்த கடையில் போட்டுவிட்டுப் போனாள்.

நியாயம் என் பக்கம். ஆள்தான் யாரும் இல்லை.

9-8-1944

கிருத்திகைக் கூட்டம் ஆரம்பம். பஸ்ஸில் நிற்க இடமில்லை. இன்றும் மறித்தேன். ஒரு குழந்தை அழுகிற சத்தம் மேடு ஏறும் வரை கேட்டது. திரும்பவில்லை.

11-8-1944

ஊரெல்லாம் மொட்டைத் தலை, சந்தனம். ஒவ்வொரு வீட்டிலும் நாலு குடும்பம் வந்து தங்கியிருக்கிறது. எனக்கு ஓர் ஆழாக்கு அரிசி வேகிறது. அதிலும் மீதி.

14-8-1944

வேடியப்பன் கடை வாசலில் வந்து நின்றான். எடைக்கல்லை இடது கையால் நகர்த்தி வைத்துக்கொண்டேன். அடிக்க வந்தான் என்றே நினைத்தேன். அவன் துண்டைத் தோளிலிருந்து எடுத்தான்.

"உங்க பொண்ணு வந்துச்சுங்க, அன்னிக்கி. பையனுக்கு முதல் மொட்டை. தாய்மாமன் மடிக்குத் தனக்குக் கூடப்பொறந்தவன் இல்லியே, எங்க நைனா மடியிலதான் குந்த வெக்கணும்னு பஸ்ஸெல்லாம் சொல்லிகினு வந்துச்சு. நீங்க மறிச்சீங்க. புள்ளைய இடுப்புல வெச்சிகினு எறங்கி நின்னுச்சு. நீங்க போறதையே பாத்துகினு இருந்துச்சு."

அப்புறம், என்றேன்.

"மேட்டுலயே குந்திகிச்சு. நான் திரும்பி வரும்போது ஏறிகிச்சு. ஏம்மான்னு கேட்டேன். 'பின்னால இத்தினி பேரு கத்துறோம், திரும்பிக்கூடப் பாக்கலியேங்க. அவரு மடியில எப்படிக் குந்த வெக்கிறது'ன்னுச்சு."

உள்ளே வா என்று சொல்லத் தோன்றவில்லை. முட்டி தேவலையா என்று கேட்டுவிட்டுப் போனான்.

15-8-1944

கடை திறக்கவில்லை.

29-8-1944

இப்போதெல்லாம் மேட்டடியில் இறங்கி ஓரமாக நின்றுவிடுகிறேன். பஸ் ஏறிப் போகிறது. ஜன்னல் ஜன்னலாகப் பார்க்கிறேன். வேடியப்பன் ஹாரன் அடிப்பதில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறான்.

இந்த அமைதியைத்தானே கேட்டாய்? வைத்துக்கொள்.

12-9-1944

இன்றும் தலையாட்டல்.

நின்ற இடத்தில் வியாபாரம் வராது என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

23-9-1944

சைக்கிளைக் கடைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் பேட்டைக்குப் போகும் காலை பஸ்ஸில் ஏறினேன். சைக்கிளில் போனால் பாதி வழியில் திரும்பிவிடுவேன். அது எனக்கே தெரியும். வேடியப்பன் பின்னாலிருந்த ஆளை எழுப்பிவிட்டு எனக்கு இடம் கொடுத்தான்.

பாறை மேட்டடியில், முன்னால் ஒருவன் சைக்கிளில் பானை கட்டிக்கொண்டு நடு ரோட்டில் போனான். காற்று வேறு. ஆடி ஆடிப் போனான். வேடியப்பன் கை ஹாரனுக்குப் போயிற்று. என்னைப் பார்த்தான்.

"உடுப்பா. பானை உடஞ்சிரும்" என்றேன்.

வேகம் விட்டான். எஞ்சின் அடங்கியது. எல்லோரும் முனகிக்கொண்டு இறங்கினார்கள். நானும் இறங்கிப் பின்னாலிருக்கும் கரி அடுப்புப் பக்கமாகத் தோள் கொடுத்தேன். முட்டி வலித்தது. பானைக்காரன் திரும்பிப் பார்த்து, சங்கடமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

மணியம்மை வாசலில்தான் இருந்தாள். என் கையைப் பார்த்தாள்.

"கையெல்லாம் இன்னா கரி?"

"பஸ்ஸு மேட்டுல நின்னுபோச்சு."

"யாரு தள்ளுனது?"

"நான்தாம்மா. நாங்கல்லாம்."

உள்ளே போனாள். போனவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். செம்பில் தண்ணீரோடு வந்து என் கையில் ஊற்றினாள். கரி சீக்கிரம் போகவில்லை. இன்னொரு செம்பும் ஊற்றினாள்.

அதற்கப்புறம்தான் பையனைக் கொண்டுவந்து என் மடியில் விட்டாள். தலையில் முடி அப்படியே இருக்கிறது. கண்ணை மறைக்கிறதென்று உச்சியில் சேர்த்து ஒரு நூலால் கட்டியிருக்கிறாள்.