பூட்டு வெளிப்பக்கம்

என் செல்லப் பெரியவனுக்கு,

நானும் அம்மாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லா தூங்குறேன்னு நம்புறேன். போன் இருக்கும்போது அப்பா என்னத்துக்குக் கடுதாசி எழுதுறாருன்னு நினைப்பே, போன்ல பேசினா உன் அம்மா பக்கத்துல வந்து காதை வெச்சுக்கிட்டு நிப்பா, அதான். நம்ம ஊர் பிஸ்கட் கம்பெனியில சூப்பர்வைசர் வேலை தர்றாங்க, மாசக் கடைசியில அங்கே இருக்கிற வேலையை விட்டுட்டு வந்துடுறேன்னு நீ சொன்னதுலேருந்து அவளுக்குக் கால் தரையில படல. கம்பெனி திறந்தப்போ நானும்தான் துள்ளினேன், மறைக்க என்ன இருக்கு. ஆனா இப்போ கடைத்தெருவை வந்து பாரு, சலூன்காரர் பேக்கிங்குக்குப் போயிட்டார், முடி வெட்டணும்னா பஸ் ஏறணும், என் தலை கரடி மாதிரி கிடக்கு. சைக்கிள் கடைக்காரர் கடையை மூடிட்டுக் கம்பெனியில வாட்ச்மேன். உன் அம்மாவும் தையல் மிஷினை வித்துட்டு அங்கே லேபிள் ஒட்டுறா, அவளோட தையல் கடையை வாடகைக்குக் கேட்டு இதுவரைக்கும் ஒரு ஈ காக்கா வரல.

ஷட்டர், கேட் வேலைன்னா எங்கே போனாலும் நான் முதல்ல கேக்குறது உனக்குத் தெரியும், கூட வந்து எனக்கு முந்தி நீயே கேட்டுக் கிண்டல் பண்ணுவே, பூட்டு உள்பக்கமா வெளிப்பக்கமான்னு. ஆள் இருக்கிற இடத்துக்கு உள்ளே, இல்லாத இடத்துக்கு வெளியே. இது ராத்திரி பகல் ஓடுற கம்பெனி, அதனால திறந்தப்போ கேட்டுக்குப் பூட்டை உள்ளேதான் வெச்சுக் குடுத்தேன். போன வாரம் மேனேஜர் என்னைத் தனியா கூப்பிட்டு, மெயின் கேட்டுக்கும் லாரி வர்ற வழிக்கும் குறுக்கே இரும்புப் பட்டை அடிக்கணும்னார். வழக்கம்போலக் கேட்டேன். முகத்தைப் பார்க்காம, வெளிப்பக்கம்னார். உள்ளே வாட்ச்மேன் இருக்காரே சார்னேன், இருக்க மாட்டார், மாசக் கடைசிக்குள்ள முடிங்க, யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னார். அப்புறம் அளவெடுக்கும்போது டேப்போட அந்த முனையைப் பிடிச்சது யார்னு நினைக்கிறே, சைக்கிள் கடைக்காரர்தான், இனிமே திருடன் கிட்ட வரமாட்டான் அண்ணேன்னு சிரிக்கிறார். நான் அளவைக் குறிச்சுக்கிட்டு வந்துட்டேன்.

இன்னிக்குச் சாயங்காலம் சைக்கிள் கடைக்காரர்கிட்ட சொல்லிடப் போறேன், மேனேஜர் என்ன வேணா பண்ணிக்கட்டும், அவங்களும் வேற வேலை தேட வேணாமா. உன் அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. நீ ஒரு அவசரக்குடுக்கை, ராஜினாமா எழுதி வெச்சிருந்தா கிழிச்சுப் போடு, குடுத்துட்டேன்னா பெரிய ஆபீசர் கையைக் காலைப் பிடிச்சாவது திருப்பி வாங்கு, அதுல மானம் ஒண்ணும் போயிடாது. பெத்த பிள்ளையை வராதேன்னு எழுத வெச்சுட்டாங்களே, அதுதான் ஆத்திரமா வருது.

நான் எழுதுறதைப் பார்த்துட்டு அம்மா, உன் ரூமுக்குப் புது மெத்தை வாங்கியாச்சு, சீக்கிரம் வரச் சொல்லி எழுதுங்கன்னா. எழுதிட்டேன். நீ நான் சொல்றதைக் கேளு. காலையில அவளோட தையல் கடை ஷட்டருக்கு எண்ணெய் விட்டேன், இப்போ எதுக்குன்னு கேட்டா, துருப்பிடிக்குதுன்னு சொல்லி வெச்சேன்.

எங்கே இருந்தாலும் நீ நல்லா இருக்கணும் ராசா. வேலையை விட்டுடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா