குங்குமம் வைத்த டேப்லெட்

செவ்வாய், இரவு

களைத்த நேரத்தில் இதைப் போய் எழுதுவதற்கு, டைரியே, மன்னிக்க வேண்டும். அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

படம் வரையும் வேலைக்கு என்னை எடுத்திருக்கும் கம்பெனியின் செயலி ஐபேடில் மட்டும்தான் வேலை செய்யும். டேப்லெட் வேண்டும் என்றதும், எது என்று நான் சொல்வதற்குள் அப்பா திராட்சைத் தோட்டத்திலிருந்து நேரே தேனிக்குப் போய் ஆண்ட்ராய்டு டேப்லெட் வாங்கி வந்துவிட்டார்.

“இதுதான் பெருசுன்னு கடைக்காரவுக சொன்னாக தாயி. வீரபாண்டி கோயில்ல ஆத்தா காலடியில வச்சு எடுத்தாந்தேன். கம்பெனிக்காரவுக பாத்தா அசந்து போவாக.”

தலையாட்டினேன்.

பெட்டியைப் பிரிக்காதிருந்தால்தான் மாற்றித் தருவார்கள் என்று கடை பில்லில் போட்டிருக்கிறது. அப்பா பூசைக்காகப் பிரித்து, பின்பக்கம் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார். கேமராவின் மேலும் ஒரு பொட்டு. துடைக்க மனமில்லை.

திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும்.

காலையில் இதை மட்டுமாவது சொல்லிவிட வேண்டும்: அப்பா, நாளைக்கு என்னையும் அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நானே பேசுகிறேன்.