தாயத்துக்குள் ஒரு கொழுந்து

என் பொல்லாத அக்காவுக்கு,

உன்னைப் போலவே செல்விக்கும் சீனி வருத்தம், அந்த நீரிழிவு, வந்துவிட்டது. போன வாரம் பதுளை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உன் மகள் அழவில்லை. பஸ்ஸில் வரும்போது என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "சின்னம்மா, என் தொப்புள்கொடி தாயத்துலயே இருந்திருந்தா இப்ப எனக்குச் சுகமாயிருக்குமா?"

அதற்குப் பதில் சொல்லவேண்டியவள் நீ. நீ இல்லை. அதனால்தான் உன்னோடு சண்டை பிடிக்க உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கிறதா? கடையில் லீவு போட்டு, தெமோதரைக்கு உன்னைப் பார்க்க வந்திருந்தேன். தோட்டத்து லய வீட்டு வாசலில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக் காட்டினேன். தொப்புள்கொடி இரத்தத்தில் குருத்தணு என்று ஒன்று இருக்கிறதாம், ஒருநாள் அதைக் கொண்டு நீரிழிவைக் குணப்படுத்தலாமாம் என்று போட்டிருந்தார்கள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"குருத்துன்னா கொழுந்துதானேடி? காலமெல்லாம் கொழுந்து பறிச்சவளுக்குக் கொழுந்தாலயே வைத்தியம் வருது பாரு!"

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு மிச்சத்தையும் வாசித்தேன். இது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, பிள்ளை பிறந்த கையோடு எடுக்கிற இரத்தத்தில்தான் அந்த அணு உயிரோடு இருக்கும், காய்ந்த கொடியில் ஒன்றும் இல்லை என்று விளக்கமாகச் சொன்னேன். "வெளங்குது, வெளங்குது" என்று தலையாட்டினாய். எந்தக் காதில் வாங்கினாய் அக்கா?

பிறகு பஜாரில் கடை போட்டிருந்த ஒரு வைத்தியனிடம் போயிருக்கிறாய். பேப்பரில் வந்த அதே மருந்துதான், பிள்ளையின் கொடியைக் கொண்டுவந்தால் தேனில் அரைத்துத் தருகிறேன், இனி ஊசியே வேண்டாம் என்றானாம். நான் சொன்னதைவிட அவன் சொன்னது உனக்கு இனித்திருக்கிறது.

அதற்குப் பிறகும் வாரந்தோறும் வந்தேன். வாசலில் கால் வைத்ததும் கேட்பேன், "ஊசி போட்டியா?"

"போட்டுட்டேன்டி. வயித்தைத் தெறந்து காட்டவா?"

காட்டு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கூடப்பிறந்தவளின் வயிற்றைத் தடவிப் பார்த்தா நம்புவார்கள்?

கடைசியில் நீ நினைவில்லாமல் கிடந்த ஆஸ்பத்திரி வார்டில் உன் மூச்சில் அழுகிய பழ வாசனை அடித்தது. டாக்டர் என்னைத்தான் திட்டினார், ஏன் ஊசியை நிறுத்தினீர்கள் என்று. நிறுத்தவேயில்லை டாக்டர் என்று உனக்காக வாதாடினேன். நீ கண் திறக்கவேயில்லை.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்து, மருந்து வைக்கிற மண்பானையைத் திறந்தேன். இன்சுலின் குப்பிகள் மூடி கழற்றாமல் கிடந்தன. செல்வியைக் குளிப்பாட்டும்போது கழுத்துத் தாயத்தின் மெழுகு புதிதாகத் தெரிந்தது. திறந்தேன். உள்ளே கொடி இல்லை. காய்ந்து சுருண்ட தேயிலைக் கொழுந்து ஒன்று இருந்தது.

"அம்மாதான் வச்சாங்க. வெறுமையா இருக்கக் கூடாதாம். ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க."

அந்த வைத்தியன் கடையைக் கட்டிக்கொண்டு ஓடிவிட்டான். அவன் யாரோ எவனோ, ஏமாற்றினான் என்று காறித் துப்பிவிட்டுப் போகலாம். நீ என் அக்கா. உன் பொய்க்குக் காவலாக ஒரு பச்சைப் பிள்ளையை வைத்தாயே, அதை எங்கே கொண்டுபோய்த் துப்புவது? மச்சான் போன பிறகு அவளுக்காக உயிரோடு இருக்கத்தான் இதையெல்லாம் செய்தாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வயிறு எரிகிறது.

செல்வியிடம் உண்மையைச் சொன்னேன். அந்தக் காய்ந்த கொடி உனக்கும் உதவியிருக்காது, அம்மாவுக்கும் உதவவில்லை. அந்த ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அது வரும்போது வரட்டும், இப்போதைக்கு ஊசிதான் என்றேன். சரி என்றாள்.

இன்று காலை அடுப்படியில் இருந்து கேட்டேன், ஊசி போட்டாயா என்று. "போட்டுட்டேன் சின்னம்மா" என்றாள். அப்படியே உன் குரல். கையிலிருந்த தேத்தண்ணியை வைத்துவிட்டு ஓடிப்போய் அவள் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஊசி குத்திய இடத்தில் சின்னதாக இரத்தம் இருந்தது. உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். பிள்ளை திகைத்துப் போய் என்னைப் பார்த்தாள்.

ஒரு வாக்குத் தருகிறேன். இனி அவள் ஊசி போடும் ஒவ்வொரு வேளையும் நான் பக்கத்தில் நிற்பேன். அவள் கோபித்தாலும் நிற்பேன். வாய்ச்சொல்லை நம்பும் குணத்தை நீ கொண்டுபோய்விட்டாய், கண்ணைக் கொண்டாவது உன் மகளைக் காப்பேன்.

தங்கச்சி என்று போட இன்னும் மனசு வரவில்லை.

இப்படிக்கு,
செல்வியின் சின்னம்மா