உங்கள் பெயருக்கு வந்த பி.பி. கால்

அன்புள்ள உங்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை நான் செய்த காரியத்தில் உங்களுக்கு இன்னும் படபடப்பு அடங்கியிருக்காது. ‘எல்லோரும் நலம்’ என்று உடனே கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். காரணத்தைத் தந்தியில் சொல்ல முடியாது, அதனால்தான் இந்தக் கடிதம். அத்தை நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, என்னையும் நன்றாகத் திட்டுகிறார்.

அவருக்கு பி.பி. கால் பற்றி விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இன்னார் வேண்டும் என்று பெயர் சொல்லிப் பதிவு செய்வது, அந்த ஆள் வந்து பேசினால்தான் முழுக் கட்டணம் என்றேன். நீங்கள் உங்கள் பெயரையே கொடுப்பீர்கள், நான் ‘அவர் இல்லை’ என்பேன், இரண்டு பக்கமும் நலம் என்று அதற்கு அர்த்தம், செலவும் மிச்சம், ஏதாவது விபரீதம் என்றால் மட்டும்தான் ‘இருக்கிறார்’ என்று சொல்லிப் பேச வேண்டும் என்றேன். “அவன் அங்க இருந்துக்கிட்டு அவனையே எதுக்கு இங்க தேடுறான்? பைத்தியமா பிடிச்சிருக்கு?” என்கிறார். நம் சாமர்த்தியத்தை மெச்ச ஆளில்லை.

லாண்டரியில் வேலை குறையவில்லை. ஊரில் இருக்கிற ஆண்களின் காலரையெல்லாம் நான்தான் தேய்க்கிறேன், உங்கள் சட்டை மட்டும் கைக்கு வருவதில்லை. போன் அடித்தால் முதலாளி, “உங்க வீட்டுக்காரர் கால்மா” என்று கூப்பிடுவார். துணி வாங்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ‘அவர் இல்லை’ என்று சொல்லி வைத்துவிட்டு மறுபடி இஸ்திரிப் பெட்டியை எடுப்பேன்.

சனிக்கிழமைதான் உங்கள் கடிதம் வந்திருந்தது. அங்கே வேலை ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். மறுநாள் ஆபரேட்டர் பெண் உங்கள் பெயரைச் சொல்லி, இருக்கிறாரா என்றாள். “இருக்கார், இப்பதான் வந்தார்” என்றேன். வாய் தவறி வந்ததில்லை. ஒரு தடவையாவது அப்படிச் சொல்லிப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

இணைப்புக் கொடுத்ததும், “என்ன ஆச்சு? அம்மாவுக்கு என்ன?” என்று கத்தினீர்கள். லைன் போகும்வரை உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டே நின்றேன். பயமுறுத்தியதற்கு மன்னியுங்கள். உங்கள் குரலைக் கேட்டதற்கு மட்டும் வருத்தமில்லை.

ஒப்பந்தம் உங்கள் விருப்பம் என்று எழுதிப் பார்த்தேன். பொய், அடித்துவிட்டேன். கையெழுத்துப் போடாதீர்கள். வந்துவிடுங்கள்.

நீங்கள் வரும்வரை என் பெயருக்கே பதிவு செய்யுங்கள், செலவானால் ஆகட்டும். வீட்டில் நான் மருமகள், கடையில் இஸ்திரிக்காரம்மா. என் பெயரைச் சொல்லி யாராவது ஒருவர், இருக்கிறாளா என்று கேட்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இங்கே இருப்பவள்