முதல் பெட்டியில் குருத்தோலை

அன்புள்ள அப்பாவுக்கு,

மாதா புண்ணியத்தில் நலமாக இருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

ராயப்பன்பட்டியிலிருந்து நீங்கள் முதன்முதலாக ஏற்றுமதி செய்த வாழைப்பழம் நேற்று எங்கள் துபாய் குடோனுக்கு வந்துவிட்டது. முதல் பெட்டிக்குள் குருத்தோலைச் சிலுவை! பழத்தோடு வேறு ஓலை, இலை எதுவும் வரக்கூடாது என்று மலையாளி சூப்பர்வைசர் லோடையே நிறுத்திவிட்டார். ஓலை முடிச்சைப் பார்த்ததுமே, "இது எங்க அப்பா அனுப்புன லோடு, எங்க அம்மா வச்சிருக்காக சார்" என்றேன். சிரித்துவிட்டு, அதை மட்டும் எடுத்துக்கொண்டு இறக்கச் சொன்னார். "பழைய கம்பெனிங்க அனுப்புறது அதே அளவுதான். உங்கப்பா மாதிரி புதுசா வர்றவங்களாலதான் இங்க வர்ற இந்தியப் பழம் கூடுது" என்றார்.

இனி ஓலை வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். வேலைக்குக் கூட்டிப்போக வேன் வந்துவிட்டது, முடிக்கிறேன். பெட்டியில் ஊர்ப் பெயரை மட்டும் பெரிதாகப் போடுங்கள் அப்பா. லாரிக் கதவைத் திறந்ததுமே எனக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் மகன்,
அருண் ஜோசப்