இரண்டு கோடு போட்ட பொத்தான்

ஐப்பசி 3, ஞாயிறு. வெயில்.
எழுத்து கோணலாகத்தான் வருகிறது. ‘ழ’ இன்னும் வாலைச் சுருட்ட மறுக்கிறது. என் நோட்டுதானே, பொறுத்துக்கொள்ளட்டும். இந்த வயதில் மாலை வகுப்பில் கற்றது.

மகன் பிரிட்டோ இந்த வருஷமும் துபாயிலிருந்து வரவில்லை. அவனுக்குப் பதில் டிஷ் பெட்டி வந்தது. ரிமோட்டில் இரண்டு கோடு போட்ட பொத்தான். அமுக்கினால் படம் அப்படியே நிற்கும். செய்தியில் கீழே ஓடும் எழுத்தை நிறுத்திவைத்துப் படிக்கிறேன். இன்று முழு வரி. நானே! சந்தோஷம் தாங்கவில்லை.

பிலோமினா: “சீரியல்லயும் ஏங்க நிறுத்துறீங்க? அவ வாயத் தொறந்தபடியே நிக்கிறா பாருங்க.”

ஐப்பசி 5, செவ்வாய். மூட்டம்.
என் குறுவை நெல், கொள்முதல் நிலையக் களத்தில் கிடக்கிறது. ஈரம் அதிகமாம், எடுக்கவில்லை. பக்கத்துக் குவியல் செல்வியுடையது. புருஷன் இல்லை, தனியாகச் சாகுபடி. காலையில் கேட்டாள்: “மழை வருமாண்ணே? மூடினா புழுங்குது, தொறந்தா பயமா இருக்கு.” டிவியில் படித்துச் சொல்கிறேன் என்றேன்.

மதியம் வீடு. திரையில் ‘தஞ்சாவூர்’ என்று ஓடியது. பொத்தானை அமுக்கினேன். அதற்குள் பிலோமினா சோற்றுக்குக் கூப்பிட்டாள். சாப்பிட்டேன். கண் அசந்துவிட்டது. எழுந்ததும் நின்ற வரியை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அடுத்த மூன்று மணி நேரத்தில் இடியுடன் மழை.

களத்துக்கு ஓடினேன். “மூணு மணி நேரம் இருக்கு செல்வி, காயட்டும்.”
“எல்லாரும் மூடுறாங்களேண்ணே?”
“நானே படிச்சேன்.”
மூட எடுத்த படுதாவைக் கீழே போட்டாள். சிறிது நேரத்தில் கொட்டியது. இரண்டு குவியலும் நனைந்தன.

ஐப்பசி 6, புதன். தூறல்.
பிரிட்டோவிடம் ஃபோனில் சொன்னேன். சிரித்தான். “நிறுத்தினா அது பழசுப்பா. நீங்க தூங்கினப்பவே அந்த நேரம் ஓடிப்போச்சு. இதுகூடவா தெரியாது?”
தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து காட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.
என் நெல் அடியில் கொஞ்சம் தப்பியது. செல்வியுடையது முழுக்க ஈரம். கையை விட்டால் சூடு.

ஐப்பசி 9, சனி. நல்ல வெயில்.
செல்வியின் நெல்லில் முளை.
காலையில் வாசலுக்கு வந்தாள். நான் ரிமோட்டும் கையுமாக எதிரே. என்னைப் பார்க்கவில்லை. “அக்கா, இன்னிக்கு விரிக்கலாமா? நீங்க பாத்துச் சொல்லுங்க.”

பிலோமினாவுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. தெருவில் இறங்கி மேற்கே பார்த்தாள். “விரி.”

திரையிலும் அப்போது வானிலைதான். நிறுத்தாமல் படிக்கப் பார்த்தேன். ‘வறண்ட’ வரை வந்தேன். வரி ஓடிவிட்டது. செல்வியும் போய்விட்டாள்.

அவள் நெல்லை எடுத்தார்களா என்று அடுத்த வாரம் எழுதுவேன். அதுவரை அந்தப் பொத்தானைத் தொடுவதாக இல்லை.