திலீப் எடுத்துக்கொண்ட வரைவு

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே புழுக்கம். ஆபீஸ் ஃபேன் ரிப்பேர், ஆள் வரவில்லை. புது இயக்குநராக திலீப் இன்று சேர்ந்தான். கேக் வாங்கி வந்தது நான். பத்தொன்பது வருஷமாக இந்தத் தொண்டு நிறுவனத்துக்காகத் தொழிற்பேட்டைப் பெண்களோடு அலைந்ததும் நான். அறங்காவலர் சொன்ன காரணம்: "பாலிசி பேச ஒரு முகம் வேணும், சரளா." என் முகத்துக்கு என்ன? ஒரு துண்டு கேக் தின்றேன்.

ஜூன் 11, புதன்

கரன்ட் பில். எஸ்தருக்கு போன். பல் டாக்டர் (மறுபடி தள்ளிப்போட்டாச்சு).

வெள்ளிக்கிழமை அரசின் கொள்கைக் குழு திருவள்ளூர் வருகிறது, ஒப்பந்தத் தொழிலாளர்கள் பற்றிக் கருத்துக் கேட்க. அதற்காக ஆறு மாசமாக நான் எழுதிய வரைவு மத்தியானம் திலீப் மேஜையில். மேலே அவன் பேர். நிறுவனத்துக்காகத்தானே, யார் பேர் இருந்தால் என்ன என்று சிரிக்கிறான்.

புரட்டினேன். எடுத்திருப்பது பழைய பிரதி. நாற்பத்தைந்து வயது தாண்டிய பெண்களுக்கு நின்று செய்யும் வேலை கூடாது என்று அதில் ஒரு விதி. நல்லது என்று நினைத்து நான்தான் எழுதினேன். எளாவூர் கூட்டத்தில் பெண்கள் என்னைக் கிழி கிழி என்று கிழித்தார்கள். மொதலாளி ஒக்கார வைக்க மாட்டான், ஊட்டுக்கு அனுப்பிடுவான் என்றார்கள். அன்றைக்கே அவர்கள் எதிரிலேயே அந்த விதியை அடித்துவிட்டேன். திருத்திய பிரதி என் பையில்.

அவனிடம் சொல்லவில்லை.

ஜூன் 12, வியாழன்

வேறு ஏதாவது சேர்க்கணுமா மேடம் என்று கேட்டான். எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். நீலப் புடவைக்கு இஸ்திரி.

ஜூன் 13, வெள்ளி

பெரியபாளையம் வழியாக வேன். பெண்கள் பதினோரு பேர். என் பக்கத்தில் எஸ்தர். பொன்னேரிக்காரி, நாற்பத்தேழு வயது, பேக்கிங்கில் நாளெல்லாம் நிற்கிறவள். எனக்கும் சேர்த்து இட்லி கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

திலீப் நன்றாகத்தான் வாசித்தான். அந்த விதி வந்ததும் எஸ்தர் எழுந்தாள்.

"இத வேணாம்னு அன்னிக்கே சொல்லிட்டோம் சார். யாரக் கேட்டுக்கினு எழுதுனீங்க?"

அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. தாளைத் திருப்பினான், என்னைப் பார்த்தான். நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். முதலாளிகள் பக்கம் சிரிப்பு. உங்களுக்குள் பேசி முடித்துவிட்டு வாருங்கள் என்று குழுத் தலைவி கோப்பை மூடிவிட்டார்.

திலீப்பின் அந்த முகத்தை நாளெல்லாம் பார்க்கலாம்.

அதே வரைவில்தான் குழந்தைக் காப்பகம் கேட்டிருந்தோம். கழிப்பறைக்குப் போக நேரம். எல்லாம் போச்சு. குழு இந்தப் பக்கம் மறுபடி வராதாம். பையிலிருந்த பிரதியை நீட்ட ஒரு நிமிஷம் போதும். நீட்டவில்லை.

ஜூன் 16, திங்கள்

தூறல். திலீப் ராஜினாமா. பதினொரு மணிக்கு அறங்காவலர் போன், இயக்குநர் பொறுப்பை நீயே பார்த்துக்கொள் என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பன்னிரண்டு மணிக்குச் சரி என்றேன்.

சாயங்காலம் ஷிஃப்ட் விட்டு எஸ்தர் வந்தாள். வாழ்த்துச் சொல்லத்தான் என்று நினைத்து டீ வாங்கிவரச் சொன்னேன். உட்காரவில்லை. திருத்தின பேப்பர் அன்னிக்கு உங்கையில இருந்துச்சா என்றாள். இருந்தது என்றேன். அவளிடம் பொய் வரவில்லை.

"அந்த ஆளு வந்து நாலு நாளு. அவுருக்கு இன்னா தெரியும்? நீ எங்க கூடவே குந்திகினு இருந்தியேக்கா."

டீயைத் தொடாமல் போய்விட்டாள். ஆறிக் கிடக்கிறது.

இவ்வளவுக்கும், திலீப் வேர்த்து நின்றதை நினைத்தால் இன்னும் இனிக்கத்தான் செய்கிறது.